ஓட்டு வாங்கி வந்த ஜட்ஜ் நியாயம் சொல்வாரா?

காசர்கோட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் அமெரிக்காவில் ஜட்ஜ் ஆகிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையென்றால், அங்கே ஜட்ஜையும் ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிச் சின்னத்தோடு வந்தவர் நியாயம் சொல்வாரா என்பது அடுத்த கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் உங்கள் மச்சானுக்கும் அவர் வீட்டைக் கட்டிக்கொடுத்த கான்ட்ராக்டருக்கும் ஒரு வழக்கு நடக்கிறது, நம்மூர்க்காரர் ஜட்ஜாக இருந்தால் ஏதாவது அனுகூலம் உண்டா என்று ஒரு வார்த்தை. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் வருகிறேன், ஆனால் முன்னதெல்லாம் புரிந்தால்தான் அது புரியும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஏழு வருஷம் சிவில் பக்கம் கட்டுத் தூக்கியவன். பிறகு டெக்சாஸில் வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு எழுதி, பத்து வருஷத்துக்கு மேலாக ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் சிவில் வழக்கும் குடும்ப வழக்கும் நடத்துகிறேன். குற்ற வழக்குகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அந்தப் பக்கம் நான் சொல்வது நண்பர்களிடம் கேட்டதும் படித்ததும்தான். அப்புறம், நீங்கள் கேட்ட ஜட்ஜ் முன்னால் நாளைக்கே நான் ஆஜராக வேண்டி வரலாம். அதனால் அவர் தீர்ப்புகள் நல்லவையா கெட்டவையா என்று என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

செய்தியின் அடிப்படை உண்மை. அவர் பெயர் சுரேந்திரன் கே. பட்டேல். பெயரைப் பார்த்துக் குஜராத்தி என்று நினைத்துவிடாதீர்கள், காசர்கோட்டு மலையாளி. (மலையாளியை 'நம்மூர்க்காரர்' என்று வாய் நிறையச் சொல்ல நமக்கு அமெரிக்கா வரை வரவேண்டியிருக்கிறது.) பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாகப் பீடி சுற்றியவர், மறுபடி படிக்கப் போனார். கல்லூரியிலும் வேலைக்குப் போனதால் வருகைப் பதிவு போதாமல், பரீட்சை எழுதவிடுங்கள் என்று ஆசிரியர்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோழிக்கோட்டில் சட்டம் படித்தபோது ஓர் ஓட்டலில் துப்புரவு வேலை. 1995-ல் பட்டம். காஞ்ஞங்காடு பக்கத்தில் ஹோஸ்துர்க் கோர்ட்டில் தொழில் தொடங்கி, பிறகு டெல்லிக்குப் போனார். மனைவி நர்ஸ், அவருக்கு ஹூஸ்டனில் மருத்துவமனை வேலை கிடைத்ததால் 2007-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். வந்த புதிதில் மளிகைக் கடை வேலை. டெக்சாஸ் பார் தேர்வில் தேறி, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்து, 2017-ல் குடியுரிமை வாங்கி, 2022 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஜெயித்து, 2023 ஜனவரி முதல் தேதியில், ஹூஸ்டனை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு) 240-ஆவது மாவட்ட நீதிமன்றத்தில் பொறுப்பேற்றார்.

ஆனால் இந்தச் செய்தி கை மாறும்போது கூடிக்கொண்டே போகிறது. அவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியும் இல்லை, ஃபெடரல், அதாவது மத்திய அரசின் நீதிபதியும் இல்லை. ஃபெடரல் நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, வாழ்நாள் பதவி. அங்கே தேர்தல் என்ற பேச்சே இல்லை. பட்டேல் இருப்பது மாநிலத்தின் விசாரணை நீதிமன்றம். சாட்சி கூண்டில் ஏறுவதும், ஜூரி என்ற பொதுமக்கள் நடுவர் குழு உட்காருவதும், புருஷன் பெண்டாட்டி பிரிவதும், கொலைக் குற்றவாளிக்குத் தண்டனை சொல்வதும் இந்த மட்டத்து நீதிமன்றங்களில்தான். அந்தக் கவுண்டியில் ஜட்ஜ் நாற்காலிக்கு வந்த முதல் மலையாளியும் அவர் இல்லை. திருவல்லாக்காரர் ஜூலி மேத்யூ 2018-லேயே அங்கே கவுண்டி கோர்ட் அட் லா என்ற சற்றுக் கீழ்ப்படி நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்னொரு குழப்பமும் உண்டு. டெக்சாஸில் 'கவுண்டி ஜட்ஜ்' என்று ஒரு பதவி இருக்கிறது. பெயரில் ஜட்ஜ் இருந்தாலும், பெரிய கவுண்டிகளில் அவர் செய்வது நிர்வாகம்: பட்ஜெட், சாலை, புயல் வந்தால் ஊரைக் காலி செய்யச் சொல்வது. சட்டப் படிப்புகூடக் கட்டாயமில்லை. ஃபோர்ட் பெண்டில் 2018-ல் கே. பி. ஜார்ஜ் ஜெயித்தது அந்தப் பதவிக்குத்தான். நம் பத்திரிகைகள் அவரையும் 'நீதிபதி' என்றே எழுதின. நம் கணக்கில் கலெக்டரும் மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவரும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு வக்கீல் எப்படி டெக்சாஸ் மாவட்ட நீதிபதி ஆகிறார்? நம் ஊரில் சிவில் ஜட்ஜ் என்றால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, நேரடி மாவட்ட நீதிபதி என்றால் ஏழு வருஷத் தொழிலும் தேர்வும் நேர்காணலும். இங்கே தேர்வு கிடையாது. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அந்த மாவட்டத்தில் இரண்டு வருஷம் வசித்திருக்க வேண்டும், பட்டேல் நின்றபோது நான்கு வருஷம் வக்கீலாகவோ நீதிபதியாகவோ இருந்திருந்தால் போதும். 2021-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அதை எட்டு வருஷமாக்கினார்கள். 2025 ஜனவரிக்குப் பிறகு தொடங்கும் பதவிக் காலங்களுக்கு அதுதான் விதி. பதவிக் காலம் நான்கு வருஷம். ஓய்வு வயது 75. அதை 79 ஆக்கலாமா என்று 2023-ல் கேட்டபோது வாக்காளர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சம்பளம் பல வருஷமாக ஆண்டுக்கு 1,40,000 டாலர் அடிப்படையிலேயே நின்றது, 2025-ல்தான் 1,75,000 ஆனது. சாதாரண ஆளுக்குப் பெரிய தொகை. ஆனால் ஹூஸ்டனின் பெரிய சட்ட நிறுவனங்களில் சட்டக் கல்லூரியிலிருந்து நேரே வரும் பிள்ளை வாங்குவது இதைவிட அதிகம். அதனால் பணத்துக்காக ஜட்ஜ் ஆனார் என்று யாரைப் பற்றியும் சொல்ல முடியாது.

தேர்தல் வருஷத்துக்கு முந்தைய டிசம்பருக்குள் கட்சி அலுவலகத்தில் மனு, கட்டணம் 1,500 டாலர், பதினைந்து லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கும் கவுண்டி என்றால் 2,500. மார்ச்சில் பிரைமரி. கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை, கட்சியின் வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். நம் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். சீட்டுக் கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பதவியில் இருக்கும் தன் கட்சி ஜட்ஜையே எதிர்த்து நிற்கலாம், யாரும் கட்சியை விட்டு நீக்க மாட்டார்கள். பட்டேல் செய்ததும் அதுதான். 2022 மார்ச்சில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொந்தக் கட்சி ஜட்ஜைப் பிரைமரியில் தோற்கடித்தார். நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளரை வென்றார். அவர் பேசும் ஆங்கிலத்தின் உச்சரிப்பைச் சொல்லி, சொந்தக் கட்சியிலேயே இவர் ஜெயிக்க மாட்டார் என்று பேசினார்கள் என்று பின்னால் சொல்லியிருக்கிறார்.

பிரசாரம் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பொங்கல் விழா. பரதநாட்டியத்துக்கும் சிறுவர் பட்டிமன்றத்துக்கும் நடுவில் இருபது நிமிஷம் ஒதுக்கி வேட்பாளர்களை மேடை ஏற்றினார்கள். ஜட்ஜ் பதவிக்கு நிற்பவர்களே ஏழெட்டுப் பேர். ஒரு கறுப்பினப் பெண்மணி யாரோ கட்டிவிட்ட பட்டுச் சேலையில் வந்து 'வணக்கம்' என்றார், கைதட்டல் அவருக்குத்தான் பலமாக விழுந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது? இருபது வருஷ அனுபவம், மூன்று பிள்ளைகள், நேர்மையாக இருப்பேன், எல்லோரையும் மரியாதையாக நடத்துவேன். இறங்கிவிட வேண்டியதுதான். ஏனென்றால் எம்.எல்.ஏ. வேட்பாளர் மாதிரி 'நான் வந்தால் இதைச் செய்வேன்' என்று ஜட்ஜ் வேட்பாளர் வாக்குறுதி தரக்கூடாது. தன் முன் வரக்கூடிய வழக்கில் இப்படித்தான் தீர்ப்புச் சொல்வேன் என்று உறுதி கொடுப்பது நடத்தை விதிகளுக்கு விரோதம். சட்டப் பிரச்சினைகளில் தன் கருத்து இன்னது என்று பொதுவாகச் சொல்லலாம், அந்த உரிமையை 2002-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மின்னசோட்டா மாநிலத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உறுதிசெய்தது. ஆனால் வாக்குறுதி வேறு, கருத்து வேறு. ஆக, ஓட்டுக் கேட்கிறவர் ஓட்டர் கேட்க விரும்புவதைச் சொல்ல முடியாத ஒரு விசித்திரமான தேர்தல் இது. முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களில் வாக்குச்சாவடியான நூலகத்தின் வாசலில், பிரசாரம் கூடாத நூறு அடி எல்லைக்கு அப்பால் கோட்டும் சூட்டுமாக நின்று, போகிறவர் கையில் அட்டையைத் திணித்து, பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீலாகப் பல முறை என்னை வறுத்தெடுத்த ஒருவர் அப்படி வெயிலில் நின்று அட்டை நீட்டியபோது, வாங்காமல் போக எனக்கு மனசு வரவில்லை.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? டெக்சாஸ் 1850-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்தி நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்றது. அதற்கு முன்னால் 1832-ல் மிசிசிப்பி அந்த வழியில் போயிருந்தது. நீதிபதி நியமனம் ஆளுங்கட்சி தன் ஆட்களுக்குக் கொடுக்கும் பரிசாகிவிட்டது என்ற எரிச்சல் அக்காலத்தில் நாடு முழுக்க இருந்தது. டெக்சாஸ் தோற்ற பக்கத்தில் நின்ற உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1869 அரசியல் சட்டம் நியமன அதிகாரத்தைக் கவர்னரிடம் கொடுத்தது. எட்மண்ட் டேவிஸ் என்ற கவர்னர் நியமித்த நீதிபதிகளைப் பழைய வெள்ளை நிலச்சுவான்தார் கூட்டத்துக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர்கள் கை மறுபடி ஓங்கியதும் 1876-ல் புது அரசியல் சட்டம் எழுதினார்கள். கவர்னர் கையிலிருந்து பிடுங்கக்கூடிய அதிகாரமெல்லாம் பிடுங்கப்பட்டது, நீதிபதிகளும் தேர்தலுக்கே திரும்பினார்கள். இன்றும் அதே 1876 சட்டம்தான், நூற்றுக்கணக்கான திருத்தங்களோடு. மக்களாட்சி மேல் இருந்த பக்தி ஒரு பக்கம், தோற்றவர்கள் ஜெயித்தவர்கள் மேல் வைத்திருந்த கோபம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து பெற்ற பிள்ளை இந்த முறை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தேர்தலில் வந்தவர் நியாயம் சொல்வாரா? ஊரில் இதைக் கேட்பவர்கள் மனசில் இருப்பது லஞ்சம், அல்லது கட்சிக்காரனுக்குச் சாதகம். 'கட்சிக்காரர்' என்ற சொல்லே நமக்கு இரட்டைப் பொருள்; வக்கீலுக்கு அது கிளையண்ட், வெளியே அது கொடி பிடிப்பவர். என் அனுபவத்தில் விசாரணை நீதிமன்றத்தில் கட்சி அரசியல் உள்ளே வருவது மிக அரிது. வாடகை பாக்கியிலும் விவாகரத்திலும் லாரி மோதிய வழக்கிலும் ஜனநாயகக் கட்சிக்கு ஒரு கருத்து, குடியரசுக் கட்சிக்கு ஒரு கருத்து என்று ஏது? என்னை உறுத்துவது வேறொன்று. ஜட்ஜின் வேலைக்கும் அவர் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடுகிறது.

பக்கத்துக் கவுண்டியான ஹாரிஸைப் பாருங்கள். ஹூஸ்டன் நகரம் அதில்தான் இருக்கிறது. அங்கே 2022-ல் ஓட்டுச் சீட்டு நூறு போட்டிகளை ஒட்டி நீண்டது, அதில் பெரும்பகுதி ஜட்ஜ் பதவிகள். எவ்வளவு படித்த ஆளாக இருந்தாலும் அறுபது எழுபது வக்கீல்களின் யோக்கியதையை விசாரித்து ஓட்டுப் போட முடியுமா? நானே குற்றவியல் நீதிமன்ற வேட்பாளர்களுக்கு நண்பனிடம் போனில் கேட்டுத்தான் போடுகிறேன். 2018 வரை ஒரே ஒரு பொத்தானை அழுத்திக் கட்சியின் மொத்தப் பட்டியலுக்கும் ஓட்டுப் போடலாம். அந்த வருஷம் ஹாரிஸில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போட்டார்கள். போட்டி நடந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜட்ஜ் இடங்களில் ஒன்று விடாமல் ஜனநாயகக் கட்சி வாரிக்கொண்டு போனது. பல வருஷ அனுபவம் உள்ள குடியரசுக் கட்சி நீதிபதிகள் ஒரே ராத்திரியில் வீட்டுக்குப் போனார்கள். டல்லாஸில் 2006-லேயே இதே கதை. இதற்கு முந்தைய காலங்களில் இதே அலை எதிர்ப்பக்கம் அடித்து ஜனநாயகக் கட்சி ஜட்ஜுகளைத் துடைத்துப் போட்டிருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலே செனட்டுக்கும் கவர்னருக்கும் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்துக் கீழே ஜட்ஜின் தலையெழுத்து. 2020-லிருந்து அந்த ஒற்றைப் பொத்தான் இல்லை. இருந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் கட்சி அச்சாகியிருக்கிறது, விரல் அதைத்தான் தேடுகிறது.

கட்சி அடையாளமும் உதவாத பிரைமரியில் பெயர் விளையாடும். டெக்சாஸ் வக்கீல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை 1976-ல் நடந்தது. டான் யார்ப்ரோ என்ற அதிகம் பேர் அறியாத வக்கீல், மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் எல்லோரும் மதித்த மேல்முறையீட்டு நீதிபதி. ஆனால் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிக்கும் யார்பரோ என்ற பெயரில் டெக்சாஸில் பிரபலமான அரசியல்வாதிகள் இருந்தார்கள், ஒருவர் செனட்டராகவே இருந்தவர். ஜனம் பெயரைப் பார்த்து ஓட்டைக் குத்திவிட்டது. மனுஷன் ஜெயித்து, 1977-ல் பதவி விலகி, பொய்ச் சாட்சியம் சொன்ன குற்றத்தில் தண்டனை பெற்று, கிரெனடா தீவுக்கு ஓடிப்போனார். இதை எனக்கு முதலில் சொன்ன வயசான வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார்; எனக்குச் சிரிப்பு வரச் சில நிமிஷம் ஆயிற்று. அந்த வெளிச்சத்தில் பார்த்தால், சுரேந்திரன் பட்டேல் என்ற பெயரை வைத்துக்கொண்டு பிரைமரியில் ஜெயிப்பது லேசான காரியமில்லை என்பது விளங்கும். ஃபோர்ட் பெண்ட் மாறியிருப்பதும் அதற்குக் காரணம். 2020 கணக்கெடுப்பில் 8 லட்சத்து 22 ஆயிரம் பேர். எந்த இனமும் பாதிக்கு மேல் இல்லை, ஆசியர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். சுகர் லேண்ட் பக்கம் ஒரு தெருவில் தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது, சீனம், ஸ்பானிஷ் எல்லாம் கேட்கும்.

பணத்துக்கு வருவோம். தேர்தல் என்றால் செலவு, செலவு என்றால் நன்கொடை, ஜட்ஜ் தேர்தலுக்கு நன்கொடை தருபவர் யார்? அந்த ஜட்ஜ் முன்னால் நாளைக்கு நிற்கப் போகும் வக்கீல்கள்தான். வேறு யாருக்கு இதில் அக்கறை? மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கும் அழைப்பு வரும். ஒரு போட்டியில் இரண்டு வேட்பாளர்களுக்கும் 250 டாலர் வீதம் கொடுத்தேன். முதல் காசோலையை நல்ல ஜட்ஜ் வரட்டும் என்று எழுதினேன், இரண்டாவதைப் பயத்தில் எழுதினேன். 1995-ல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டு, மாவட்ட நீதிபதி வேட்பாளருக்கு ஒருவர் தரக்கூடிய தொகைக்கு ஜனத்தொகையைப் பொறுத்து 1,000, 2,500, 5,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. வருஷம் முழுக்க வசூலிக்கவும் முடியாது, தேர்தலை ஒட்டிய காலத்தில் மட்டும்தான். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டுப்பாடு இல்லாவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவே சாட்சி. ஒரு நிலக்கரிக் கம்பெனிக்கு எதிராக 5 கோடி டாலர் தீர்ப்பு. மேல்முறையீடு போகும் நேரத்தில் கம்பெனித் தலைவர் 30 லட்சம் டாலர் செலவழித்து ஒரு வேட்பாளரை அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஜெயிக்கவைத்தார். அந்த நீதிபதி விலகாமல் உட்கார்ந்து கம்பெனிக்குச் சாதகமாக ஓட்டுப் போட்டார். 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு, அவர் விலகியிருக்க வேண்டும் என்றது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நூலிழையில்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏட்டில் இருப்பது. தேர்தல் பயம் தீர்ப்பை மாற்றுகிறதா என்பது அவ்வளவு தெளிவான விஷயமில்லை. பென்சில்வேனியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் குற்ற வழக்குகளை அலசிய ஆய்வாளர்கள், தேர்தல் நெருங்க நெருங்கத் தண்டனைகள் நீள்கின்றன என்று கண்டார்கள். வாஷிங்டனில் அந்த வித்தியாசம் பத்து சதவீதம் அளவுக்கு. கவலைக்குரிய விஷயம்தான். ஆனால் அவ்விரண்டு மாநிலங்களின் தேர்தல் முறை டெக்சாஸ் முறை இல்லை. தவிர, டெக்சாஸில் குற்றவாளி விரும்பினால் தண்டனை அளவையே ஜூரி முடிவு செய்யலாம். அதனால் அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைப்பது சரியாகாது. என் குற்றவியல் நண்பர்களில் ஒருவர் தேர்தல் வருஷத்தில் ஜாமீன் மனுவே கனமாகிவிடுகிறது என்பார்; இன்னொருவர் அதெல்லாம் உன் வாதத்தின் கனம் என்பார். இருவரும் ஒரே கோர்ட்டில்தான் தொழில் செய்கிறார்கள்.

அப்படியானால் நியமனமே மேல் என்று சொல்லிவிடலாமா? டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிகளாக இருந்த வாலஸ் ஜெஃபர்சனும் நேதன் ஹெக்ட்டும் கட்சி சார்ந்த தேர்தலை விட்டொழியுங்கள் என்று பதவியில் இருந்தபோதே சட்டமன்றத்திடம் சொன்னவர்கள். இருவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள், அதே தேர்தலில் ஜெயித்தவர்கள். சட்டமன்றம் அசையவில்லை. ஆனால் வேறு வழியில் அசைந்தது: 2023-ல் சட்டமியற்றி, பெரிய வணிக வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் தொடங்கியது. 2024 செப்டம்பரிலிருந்து அது நடக்கிறது. நீதிபதிகளைக் கவர்னரே இரண்டு வருஷத்துக்கு நியமிக்கிறார். நிபுணத்துவத்துக்காக என்றார்கள். பெரிய நகரங்களில் ஜனநாயகக் கட்சி ஜட்ஜுகள் நிறைந்துவிட்டதால் வழக்குகளை அவர்கள் கையிலிருந்து நகர்த்தும் வேலை என்று எதிர்த்தரப்பு சொன்னது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்பது என் எண்ணம். தேர்தல் முறையிலேயே ஏற்கெனவே ஒரு நியமன வாசல் இருக்கிறது: நடுவில் மாவட்ட நீதிபதி இடம் காலியானால் கவர்னர் ஆளைப் போடுவார், அடுத்த பொதுத் தேர்தல் வரை அவர் இருப்பார். அந்த வாசல் வழியே வருபவர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவன வக்கீல்கள், அரசு வக்கீல்கள், கவர்னரின் கட்சிக்கு அறிமுகமானவர்கள். நாற்பது வயசை நெருங்கி இந்தக் கரையில் இறங்கி, மளிகைக் கடையில் வேலை பார்த்து, மலையாள வாடையோடு ஆங்கிலம் பேசும் ஒரு வக்கீலை எந்தக் கவர்னரின் உதவியாளர் பட்டியலில் எழுதியிருப்பார்? தேர்தலைப் பற்றி இவ்வளவு குறை சொன்ன நானே, அந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்சம் தடுமாறுகிறேன்.

இனி உங்கள் மச்சான். நம்மூர் ஜட்ஜ் என்றால் அனுகூலமா? இல்லை. முதலாவது, வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதை மச்சான் தேர்ந்தெடுக்க முடியாது. மனு விழும்போது கம்ப்யூட்டர் ஒதுக்கும். இரண்டாவது, சிவில் வழக்கில் ஒரு தரப்பு கேட்டாலே ஜூரி வந்துவிடும். மாவட்ட நீதிமன்றத்தில் 12 பேர், அதில் 10 பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. யார் பொய் சொல்கிறார், கூரை ஒழுகியதற்கு யார் பொறுப்பு, எவ்வளவு நஷ்டம் என்பதெல்லாம் அவர்கள் கையில். எந்தச் சாட்சியம் உள்ளே வரலாம், ஜூரிக்கு எந்தக் கேள்வி போகலாம் என்பதுதான் ஜட்ஜ் கையில். சின்ன அதிகாரமில்லை, ஆனால் அதில் பிழை செய்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜட்ஜுக்கு ஒரு தரப்போடு நெருக்கம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டால், அவர் தானாக விலக வேண்டும், அல்லது அந்த மனுவை வேறொரு நீதிபதி விசாரிப்பார். தன் மேல் வந்த புகாரைத் தானே தள்ளுபடி செய்ய முடியாது.

இதோடு ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவர் வழியாக ஜட்ஜ் காதில் ஒரு வார்த்தை போட்டுவைக்கலாமே என்று என்னிடம் கேட்ட கட்சிக்காரர்கள் உண்டு. நல்ல மனுஷர்கள்தான், ஊர்ப் பழக்கம். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் ஜட்ஜிடம் வழக்கைப் பற்றிப் பேசுவது இங்கே கடும் குற்றமாகவே பார்க்கப்படும். நல்ல ஜட்ஜ் என்றால் அந்தப் பேச்சை அடுத்த வாய்தாவில் இரண்டு தரப்பு முன்னாலும் போட்டு உடைப்பார். நம்மூர்க்காரர் என்றால் இன்னும் சீக்கிரம் உடைப்பார், ஏனென்றால் எல்லோர் கண்ணும் அவர் மேல் இருக்கும். ஒருவேளை மச்சான் இந்த யோசனையில் இருந்தால், இன்றைக்கே போன் போட்டுத் தடுத்துவிடுங்கள்.

அந்தப் போனிலேயே இன்னும் மூன்று விஷயம் கேளுங்கள். கோர்ட் கொடுத்த கால அட்டவணை உத்தரவு அவர் கையில் இருக்கிறதா, அதில் சாட்சிப் பட்டியலுக்கும் ஆவணங்களுக்கும் என்ன தேதி போட்டிருக்கிறது. ஜூரி வேண்டுமென்றால் விசாரணைத் தேதிக்கு 30 நாள் முன்னதாகவாவது எழுத்தில் கேட்டாரா. கான்ட்ராக்டரோடு பேசிய மெசேஜ்களும், ஒழுகிய சுவரின் படங்களும், கொடுத்த காசோலைகளும் ஒரே இடத்தில் தேதி வாரியாக இருக்கின்றனவா. சாட்சிக் கூண்டில் ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீலை இப்போதே சொல்லவைக்கச் சொல்லுங்கள். நல்ல தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது லேசில்லை, கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்.